சுனை பார்க்கப் போன சங்கம்

என் வீட்டுக்காரர் ரங்கசாமி மளிகைக் கடைக்குக்கூட சைக்கிள் இல்லாமல் போகமாட்டார். கடை எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, குளித்து, கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசி, மலை ஏறப் போகிறேன் என்று கிளம்பினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? முதல் மாதம் போனால் போகட்டும் என்று விட்டேன். அடுத்த மாதமும் அதே உற்சாகம். மலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். காற்று என்றார். காவிரிக்கரையில் இல்லாத காற்றா என்றேன். அது வேறு காற்று என்றார். மூன்றாம் மாதம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

சங்கத்தின் பெயர் ஸ்ரீரங்கம் ஞாயிறு நடைச் சங்கம். மாதத்தின் முதல் ஞாயிறு நம்பர் ஒன் டோல்கேட்டில் கூடுவது, துறையூர் பஸ் ஏறுவது, துறையூருக்குக் கொஞ்சம் முன்னால் மூக்கன் கரடு என்ற மொட்டைக் குன்றின் அடியில் இறங்குவது, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் பொழுது சாய வீடு திரும்புவது. இவ்வளவுதான் சங்கத்தின் வேலை. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஒரே ஆள், தாயுமானவன் சார். இன்சூரன்ஸ் கம்பெனிக் குமாஸ்தா. கதர் வேட்டி, கதர் சட்டை, இடுப்பில் மூக்குப்பொடி மட்டை. மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு மலைக்கோட்டைச் சிவன் பெயரை வைத்திருப்பதற்கே தனித் தைரியம் வேண்டும். அவர் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரி ரெங்கநாயகி மாமி ஒருநாளும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. 'மாடி ரூம்' என்றுதான் சொல்வாள். மாடி ரூமுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உறவு என்று வந்து போகிறவர்களும் இல்லை. ஆபீஸில் பேசினால் பாலிஸி பற்றிப் பேச வேண்டும், ரூமில் பேசினால் சுவரோடு பேச வேண்டும், அதற்காகத்தான் சங்கம் ஆரம்பித்தேன் என்று அவரே ஒருமுறை பஸ்ஸில் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

ஆரம்பத்தில் சங்கத்துக்கு இருந்த ஒரே உறுப்பினர் முகமது இஸ்மாயில் பாய். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் வீட்டில் மாமியார், மச்சினிகள், பிள்ளைகள் என்று எந்நேரமும் சந்தைக்கடை. மாதத்தில் ஒரு நாளாவது வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று அவர் வந்தார். பேச ஆள் தேடி ஒருவர், பேச்சுக்குப் பயந்து ஒருவர். இப்படி ஒரு சங்கம் எப்படி உருப்படும்?

ஆனால் உருப்பட்டது. திடீரென்று கூட்டம் சேர்ந்தது. முதலில் நாலு பேர், பிறகு பத்து, பிறகு பஸ்ஸில் பாதி. நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்தார்கள். ரயில்வேக்காரர்கள், ஜவுளிக் கடைக் கணக்கர்கள், ஒரு டிராயிங் வாத்தியார். தாயுமானவன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. நடையின் அருமை ஜனங்களுக்கு விளங்கிவிட்டது என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஜனங்களுக்கு விளங்கியது காளியாயியின் அருமை. அடிவாரத்து ஊர்க்காரி, புருஷன் செத்துத் தனியாகக் காலம் தள்ளியவள். கரட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுனை உண்டு. அதன் பின்னால் பானையைப் புதைத்து வைத்துச் சாராயம் காய்ச்சினாள். மாகாணம் முழுக்க மதுவிலக்கு. நல்ல சரக்குக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்த ஆண் வர்க்கத்துக்கு மலை ஏறுவதா பெரிய கஷ்டம்? தேனுக்கு எறும்பு வழி கேட்டா போகிறது?

உச்சிக்குப் போனதும் தாயுமானவன் சார் ஒரு பாறைமேல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தியானம். பாய் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். மற்றவர்கள், சுனை பார்த்துவிட்டு வருகிறோம் சார், என்று பவ்யமாகச் சொல்லிக்கொண்டு நழுவுவார்கள். அந்தச் சுனையில் பார்க்க என்ன இருந்தது? ஒரு தவளை இருந்தது. அதை மாதாமாதம் நாற்பது பேர் போய்ப் பார்த்தார்கள்.

நானும் பின்னாலேயே போனேன். ரங்கசாமி கையில் கொட்டாங்கச்சியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் பேயறைந்தாற்போல ஆனது. பிறகு சமாளித்துக்கொண்டு, தண்ணி நன்றாக இருக்கிறது சகுந்தலா, என்றார்.

அங்கேயே ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். ஆடவில்லை. அன்றைக்கு எனக்கு அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. தலைக்கு மேலே வானம், கீழே கொல்லிமலை வரைக்கும் பச்சை. இறங்கும்போது என் பையை அவரே வாங்கிக்கொண்டார். கால் வலிக்கிறதா என்று கேட்டார். தாலி கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷன் என் காலைப் பற்றி விசாரித்ததில்லை. சாராயம் ஒருவேளை நல்ல வஸ்துதானோ என்று அரைக்கணம் நினைத்தேன். அதைவிட முக்கியமாக, சுனை பார்த்துவிட்டு வந்தவர்கள் தாயுமானவன் சாரைச் சுற்றி உட்கார்ந்து அவர் சொன்ன பழைய கதைகளைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த முகத்தில் போய் யார் மண்ணைப் போடுவது? சங்கத்தில் ஒருவரும் போடவில்லை.

அவருக்கு வாடையாவது அடித்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். திரும்பி வரும் பஸ்ஸில் வீசிய நாற்றத்துக்குக் கைக்குழந்தைகள் வீரிட்டு அழும். ஆனால் சார் சின்ன வயதிலிருந்து போட்ட பொடி அவர் மூக்கைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டிருந்தது. எல்லோரும் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது சுத்தமான காற்றினால் என்று அவர் நம்பினார்.

தொல்லை வேறு ரூபத்தில் வந்தது. சாருக்கு நடையைவிடப் பாதைமேல்தான் காதல் அதிகம். அரிவாளும் கவைக்கோலுமாக முன்னால் போய், பாதையில் கிடக்கும் முள்ளையெல்லாம் வெட்டித் தள்ளிக்கொண்டே ஏறுவார். பாதை பொதுச் சொத்து, அதைச் செப்பனிடுவது நம் கடமை என்பார். அந்த முள் தானாக முளைத்ததா? போலீஸ் சத்தமில்லாமல் ஏறிவிடக்கூடாது என்று காளியாயி வெட்டிப் போட்ட இலந்தை முள். வளைவுக்கு வளைவு போட்டிருந்தாள். முள்ளை விலக்கிக்கொண்டு காக்கிச் சட்டை மேலே வருவதற்குள் பானையை மூடிவிட்டு ஓடிவிடலாம்.

ஆகவே சங்கத்தில் ஓர் ஏற்பாடு உருவானது. முன்னால் சார் விலக்குவார். வரிசையின் கடைசியில் வருகிற நாலு பேர் அதே முள்ளை இழுத்துப் பழையபடி போட்டுவிட்டு வருவார்கள். டிராயிங் வாத்தியார் இதில் கைதேர்ந்தவர். இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைப்பார். இறங்குவது மறுபக்கம், ஏற முடியாத சறுக்கு வழி என்பதால் சார் கண்ணில் படாது. அடுத்த மாதம் வந்து பார்த்தால் வழியெல்லாம் முள். சார் வாயைப் பிளப்பார். இந்த மண்ணுக்கு இருக்கும் சத்து உலகத்தில் எந்த மண்ணுக்கும் கிடையாது என்பார். ஒரு பை நிறைய அந்த மண்ணை எடுத்துப்போய் ரெங்கநாயகி மாமியின் துளசி மாடத்துக்கும் கொடுத்தார். துளசி பட்டுப்போனது. மாமி மாடி ரூமோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள்.

இப்படியே ஓடியிருக்கும். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் மனுஷன். ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது பஸ்ஸில் எழுந்து நின்று அறிவித்தார். இந்த முள்ளுக்கு இனி நிரந்தரமாக முடிவு கட்டப் போகிறோம். வேரோடு பிடுங்கி, பாதையை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் கல் பதித்துச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி சம்மதித்திருக்கிறார், நம்மிடம் பாலிஸி எடுத்தவர், மதுவிலக்கு இலாகா. பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே நொடியில் போதை தெளிந்தது. ரங்கசாமி என் தோளில் சாய்ந்துகொண்டு, போச்சு, என்றார்.

மறுக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. என்ன காரணம் சொல்லி மறுப்பது? அதனால் வேலைக்கு இறங்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தார்கள். சார் கடப்பாரை பிடித்துக் கை கொப்பளித்து நின்றபோது மற்றவர்களால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தே கூடை கூடையாக வாரினார்கள். காளியாயி விஷயம் கேள்விப்பட்டதும் பானைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. அதிகாரி ரிப்பன் வெட்டி, மூச்சு வாங்க ஏறி, உச்சியில் நின்று குடியின் கேடுகளைப் பற்றிப் பேசினார். நாற்பது பேரும் கண் கலங்கக் கேட்டார்கள். இத்தனை உருக்கமான சபையைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று அவர் போகும்போது சாரின் கையைக் குலுக்கினார்.

அடுத்த மாதம் டோல்கேட்டில் மூன்று பேர் நின்றோம். தாயுமானவன் சார், பாய், நான். ரங்கசாமிக்குக் காலில் பிடிப்பு. படுத்தபடியே சொன்னார்.

ஒரு பஸ் வந்தது, விட்டோம். அடுத்ததும் வந்தது. முகூர்த்த நாளாக இருக்கும் என்றார் சார். ஊரில் ஜுரம் பரவுகிறது என்றார். வெள்ளை அடித்த கல்லைப் பற்றியும், இனி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுகூட அந்தப் பாதையில் ஏறலாம் என்றும் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு ஒரு பக்கம், கண் ஸ்ரீரங்கம் ரோட்டில். எனக்குக் கோபம் வந்தது. வராத நாற்பது பேர் மேலும் கோபம், எதையும் முகர்ந்து பார்க்கத் தெரியாத இந்த மனுஷன் மேலும் கோபம்.

"அவங்க நடக்க வரல சார்," என்றேன். "காளியாயிகிட்ட சாராயம் குடிக்க வந்தாங்க. இப்ப அவ அங்க இல்ல."

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சார் பொடி மட்டையை எடுத்தார், பிரித்தார், போடாமலே மடித்தார்.

"எல்லாருமா?"

"பாய் இல்ல."

"உங்க வீட்டுக்காரரு?"

"அவருதான் சார் முதல் ஆளு."

முள் தானாக முளைக்கவில்லை என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "நான் சொல்ற கதைக்கெல்லாம் அப்படிச் சிரிச்சாங்களே," என்றார்.

"அது நெசம்தான் சார். குடிச்சுட்டுத்தான் சிரிச்சாங்க. ஆனா நெசமாத்தான் சிரிச்சாங்க."

அவர் ரோட்டைக் கடந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்து ரூமுக்குப் போய்விடுவார், அதோடு சங்கமும் போய்ச் சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். துறையூர் பஸ் வந்தது. அதில் ஏறினார். நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஏறினோம்.

அடிவாரத்தில் இறங்கியவர் கரட்டின் பக்கம் திரும்பவில்லை. ஊருக்குள் போய்க் காளியாயி எங்கே என்று விசாரித்தார். ஒரு களத்தில் கூலிக்கு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கதர்ச் சட்டையைக் கண்டதும் மடியில் இருந்ததைக் கொட்டிவிட்டு எழுந்து நின்றாள். தொழிலை விட்டுவிட்டேன், பிடித்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று கும்பிட்டாள்.

"ஏன் விட்ட?" என்று கேட்டார் சார்.

அவள் எங்களைப் பார்த்தாள். இது என்ன விசாரணை என்று அவளுக்குப் புரியவில்லை. "பாதைய ராஜபாட்டை மாதிரி போட்டுட்டீங்களே அய்யா," என்றாள். "நாளைக்கு ஜீப்பே வந்துரும். நான் ஒத்தப் பொம்பள, எந்தப் பக்கம்னு ஓடுவேன்?"

"முள்ள நான் போடறேன்."

பாய் இருமினார். காளியாயிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அய்யாவுக்குமா வேணும்?" என்றாள்.

"எனக்கு வேண்டாம்மா," என்றார் தாயுமானவன் சார். "எனக்கு அந்த நாப்பது பேரு வேணும்."

காளியாயி உட்கார்ந்து சிந்திய கடலையைப் பொறுக்கினாள். பிறகு, அடுத்த மாதத்துக்குள் பானை வாங்கிவிடலாம் என்று கடலையைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையைப் பிடித்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் அவர் மறுபடி செயலாளர் ஆகிவிட்டார். போகத் திரும்பியவர் நின்றார். கரட்டையும் அதற்குப் பின்னால் அதைவிட உயரமாக நின்ற அடுத்த கரட்டையும் கையால் நெற்றிக்கு நிழல் கட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு காளியாயி. பழைய எடத்துல வேண்டாம். பின்னால இருக்கற பெரிய கரட்டு உச்சியில வச்சுக்க. எத்தனை தடவ கூப்பிட்டேன், அங்க ஒருத்தனும் நடக்க வரல."