பந்தியில் விட்ட பல்லுறை

ஜெனிஷாவின் மேல்வரிசையில் வலது கோரைப்பல்லுக்கு உட்கார இடமில்லை. மற்ற பற்கள் எல்லாம் முன்னதாகவே வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டன. கடைசியாக வந்த அது, வேறு வழியில்லாமல் ஈறின் மேலேறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைப் பெரிதாகக் கேலி செய்ததில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் அவள் ஒருத்தி மட்டும் இருமுகிறவள் மாதிரி நிற்கிறாள்.

ஆவூரிலிருந்து அவளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார் அப்பா அருள்தாஸ். பல் டாக்டர் அன்புச்செல்வியிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே பிடுங்க வேண்டியிருக்குமா என்பதுதான். ஜெனிஷா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடுங்காமலே முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். பற்களுக்கு நடுவே மெல்லிய பட்டையை விட்டு மயிரிழை அளவுக்குத் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக இடம் சேரும். பிறகு கண்ணாடி போன்ற உறை ஒன்றைப் போட்டால், அது பற்களை மெதுவாக நகர்த்தும். அலைனர் என்று அதற்குப் பெயர்.

"டவுன் பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள் எப்படி உக்கார்றாங்க?" என்று கேட்டார் டாக்டர். "யாரும் எந்திரிக்கிறதில்லையே. ஆளுக்குக் கொஞ்சம் நகர்றாங்க. வாய்க்குள்ளயும் அதே கதைதான்மா."

சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் உறை வாயிலேயே இருக்க வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது. முடிந்துபோன உறையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் கேட்டுக்கொண்டு வந்த ஜெனிஷா, முதல் இரண்டு மாதம் ஏனோதானோ என்றுதான் இருந்தாள். முறுக்குத் தின்னக் கழற்றுவாள், மாலைவரை மறந்துபோவாள். போன தடவை வாயைப் பார்த்த டாக்டர் திட்டவில்லை. அடுத்த முறை வரும்போதும் இடம் வராவிட்டால் பக்கத்துப் பல் ஒன்றை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை வேலை செய்தது. அன்றிலிருந்து தூக்கத்தில்கூட நாக்கால் தடவி உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அருள்தாஸின் சிநேகிதர் திருப்பதி, இலுப்பூரில் மண்டபம் பிடித்துத் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். ஆவூர்க் கோயிலில் பூசை முடிந்த கையோடு அப்பா, அம்மா, ஜெனிஷா மூவரும் பஸ் ஏறினார்கள். புதுச் சுடிதாருக்கு ஏற்ற சின்னப் பர்ஸ்தான் அழகு என்று ஜெனிஷா பிடிவாதம் பிடித்தாள். அலைனர் வைக்கிற டப்பா அந்தப் பர்ஸுக்குள் நுழையவில்லை. அது பள்ளிக்கூடப் பையிலேயே தங்கிவிட்டது.

தாய்மாமன் மடியில் குழந்தை அழுது ஓய்ந்ததும் கறிவிருந்துக்குப் பந்தி போட்டார்கள். நீள மேசை முழுக்க வெள்ளைத் தாளை உருட்டி விரித்து, அதன்மேல் வரிசையாக இலை போட்டிருந்தது. ஜெனிஷா, அடுத்து அம்மா வியாகுலமேரி, அதற்கடுத்து அப்பா என்று உட்கார்ந்தார்கள். அவள் யாரும் பார்க்காமல் முகத்தைத் திருப்பி உறையைக் கழற்றினாள். வைக்க இடமில்லை. இலையின் நுனியைத் தூக்கி அதன் அடியில் செருகினாள்.

அந்த நேரத்தில் இடுப்பில் குழந்தையோடு ஓர் அக்கா இடம் தேடி வந்தாள். ரம்யா என்று பெயர், திருப்பதி வீட்டுக்குத் தூரத்து உறவு. பந்தியில் ஜெனிஷாவுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியும், அந்தக் கடைசியில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் காலியாக இருந்தன. தாயும் மகளும் தள்ளித்தள்ளி உட்கார முடியாது. அடுத்த பந்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, குழந்தையின் உதடு பிதுங்கியது. பசி அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"இங்கிட்டு வாங்கக்கா," என்று ஜெனிஷா எழுந்தாள். அம்மாவை நகரச் சொன்னாள், அம்மா அப்பாவை நகரச் சொன்னாள். மூன்று பேரும் ஆளுக்கு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். குழந்தை மகிழினி, ஜெனிஷா விட்ட நாற்காலியில் முட்டிபோட்டு ஏறிக்கொண்டது. உடனே சோறு வந்தது, குழம்பு வந்தது, கோலா உருண்டை வந்தது. நல்லதைச் செய்கிறவர்கள் அந்த நேரத்தில் தங்கள் பொருளை மறந்துபோவது உலகத்தில் நடப்பதுதான். ஜெனிஷாவும் மறந்தாள்.

கை கழுவி வாய் கொப்பளிக்கும்போதுதான் நாக்கு வெறும் பல்லில் தட்டியது. ஓடிவந்து பார்த்தால் மேசை வெறுமையாக இருந்தது. இங்கெல்லாம் இலையை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. ஒரு முனையில் தாளைப் பிடித்து, எலும்பும் இலையும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து மறுமுனைவரை பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிச் சாக்கில் போட்டுவிடுவார்கள். அதுதான் ஆகியிருந்தது.

அருள்தாஸிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். மகள் முகமே வெளுத்துக் கிடந்தது. புதிது செய்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இதற்கு முன்னால் போட்ட உறையாவது இருக்கிறதா என்று அவர் கேட்டதும் வியாகுலமேரி தலையைக் குனிந்துகொண்டாள். திருவிழாவுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய பிளாஸ்டிக் என்று அவள்தான் குப்பையில் போட்டிருந்தாள்.

திருப்பதிக்குச் செய்தி போனது. வாசலில் நின்று வரவேற்க வேண்டிய மனிதர், பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்துவிட்டார். பந்தி எடுக்கிற செவந்தி ஏற்கெனவே சாக்கைக் கவிழ்த்துச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே இன்னும் நாலைந்து பேர் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"கண்ணுக்கே தெரியாத சாமானை எப்படித்தா தேடுறது?" என்றாள் செவந்தி. "வாங்குனதுதான் வாங்குனீங்க, செவப்புல வாங்கியிருக்கக் கூடாதா?"

"இது பல்லா பாரு மாப்ள," என்று திருப்பதி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது ஆட்டின் விலா எலும்பு. அழுகையை அடக்கிக்கொண்டிருந்த ஜெனிஷாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் காதுகுத்து வீட்டில் குழம்பு நனைந்த இலைகளுக்கு நடுவே அந்த மனிதர் உட்கார்ந்திருந்ததை அவள் அதற்குப் பிறகும் மறக்கவில்லை. மனதுக்குள் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். தொலைந்ததைத் தேடித் தருவதற்கு அவரைவிட்டால் அவளுக்கு யாரையும் தெரியாது.

எந்த இடத்தில் வைத்தாய், சரியாக யோசித்துச் சொல் என்று அப்பா கேட்டார். அம்மாவுக்குப் பக்கத்து இலை என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் பொறிதட்டியது. உறையை வைத்தது நகர்வதற்கு முன்னால். நகர்ந்த பிறகு அந்த இலையில் சாப்பிட்டது மகிழினி.

மண்டபம் முழுக்கக் குழந்தையைத் தேடினார்கள். கடைசியில் பெண்கள் அறையில், நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்றது குழந்தை. கண்ணாடியைப் பார்த்து ஈ என்று இளித்துக்கொண்டிருந்தது. வாய் நிறைய, தலைகீழாக மாட்டிய கண்ணாடிப் பல்.

ரம்யாவுக்கு உயிரே போய்விட்டது. அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். அதைப் பார்த்ததும் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. இனி அந்த வாயைத் திறக்க யாராலும் முடியாது என்று தோன்றியது.

"அடிக்காதீங்கக்கா," என்று ஜெனிஷா தடுத்தாள். ஸ்டூலுக்குக் கீழே முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பிறகு, போட்டோவில்கூடக் காட்டாத அந்தப் பல்லை, உதட்டை விரலால் தூக்கி நன்றாகக் காட்டினாள். சுற்றி அத்தனை பேர் நின்றிருந்தார்கள்.

மகிழினி குனிந்து பார்த்தது. ஒரு கையால் தன் வாயிலிருந்ததை எடுத்து, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அது ஏன் மேல ஏறி நிக்குது?"

"உக்கார எடமில்ல பாப்பா. அதான் நின்னுக்கிட்டே இருக்கு."

"எம்புட்டு நாளா?"

"ரொம்ப நாளா. ஒன் கையில இருக்கே, அதைப் போட்டாத்தான் மத்த பல்லெல்லாம் நகர்ந்து எடம் குடுக்கும்."

குழந்தை யோசித்தது. "நீங்க எனக்கு நகர்ந்த மாதிரியா?"

"ஆமா. அதே மாதிரி."

முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வந்தது. எச்சிலோடு உறையை ஜெனிஷாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பாவம், உக்காரட்டும்," என்றது மகிழினி.

ரம்யா சமையல்கட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவர ஓடினாள். சூடு பட்டால் நெளிந்துவிடும் என்று அவளை நிறுத்தி, பச்சைத் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள் ஜெனிஷா. குழந்தை எடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கண்ணாடித் துண்டு இலையோடு இலையாகச் சுருண்டு குப்பைக்குப் போயிருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது அருள்தாஸ் சொன்னார். அன்று மாலை ஆவூர்க் கோயிலில் ஜெனிஷா இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். ஒன்றுதானே நேர்ந்தாய் என்று அம்மா கேட்டாள். இன்னொன்று மகிழினிக்கு என்றாள். கடவுள் எந்தக் கையில் எதைப் பிடித்து வைத்திருப்பார் என்று நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. கையை நீட்டி இடம் கொடுப்பது மட்டும்தான் நம் பாடு.

அடுத்த வாரம் டாக்டர் அன்புச்செல்வி நூலை விட்டுப் பார்த்தார், பட்டையை விட்டுப் பார்த்தார், கண்ணாடியைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தார். ஜெனிஷா மறுபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எடம் வந்துருச்சும்மா," என்றார். "ஒரு பல்லையும் எடுக்க வேணாம். இனிமே இது தானா எறங்கி வரும்."

டாக்டர் எடுத்துக் கொடுத்த படத்தை ஜெனிஷா அன்றே ரம்யாவுக்கு அனுப்பினாள். அந்தப் பல்லும் அதற்குக் கீழே புதிதாக வந்திருந்த இடமும் தெளிவாகத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ரம்யா ஏதோ அதட்ட, முன்னால் மகிழினியின் குரல்.

"உக்காந்துருச்சாக்கா?"

ஜெனிஷா ஃபோனை வாயருகே கொண்டுபோனாள்.

"இன்னும் இல்ல பாப்பா. எலை போட்டாச்சு. வந்துக்கிட்டே இருக்கு."