அங்கே லிஃப்ட் இருக்குமா?

கேமராவில் தன் முகம் விழாத மூலையாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டான் லிஃப்ட்காரன். வீடியோ அழைப்பு மனைவிக்கு வந்தது. நடுவில் தான் ஏன் தலையைக் காட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம். மேசை துடைத்த துணி இன்னும் கையிலேயே இருந்தது. மகள் மட்டும் அம்மாவின் மடியில் பாதியும் நாற்காலியில் பாதியுமாக ஒண்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. மனைவி ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்ட்டரில் இருந்தாள். வேலைக்கு நடுவிலேயே கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் வாங்கி, மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டாள். ஓரிடத்திலாவது கிடைக்குமா என்று பார்த்தவளுக்கு இரண்டு இடத்தில் கிடைத்துத் தொலைத்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதலாவது, பேர் சொன்னாலே வாயைப் பிளக்கிற பல்கலைக்கழகம். படிப்பு முடியும் முன்பே கம்பெனிக்காரர்கள் வந்து ஆளைக் கொத்திக்கொண்டு போவார்களாம். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். கடன் வாங்கி, இரண்டு வருஷம் தனியாக இருந்து படிக்க வேண்டும். இரண்டாவது குளிர் நாட்டில், யாரும் கேள்விப்படாத ஊரில். கட்டணம் பேருக்குத்தான், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். ஆனால் அந்த நாட்டு மொழி தெரியாமல் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு என்றார்கள்.

மனைவியின் தம்பி முதல் இடத்தின் கட்சி. அந்தப் பேர் ஒன்று போதும், காலத்துக்கும் சோறு போடும் என்று வந்தபோதெல்லாம் சொன்னான். லிஃப்ட்காரனின் அக்கா, சும்மா சொல்லிக்கொடுக்கிற இடத்தில் என்னத்தைச் சொல்லிக்கொடுத்துவிடப் போகிறார்கள் என்று போனில் கவலைப்பட்டாள். லிஃப்ட்காரன் எந்தக் கட்சியும் இல்லை. மனைவி கேட்டால், "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்பான். அதைச் சொல்லும்போது அவள் முகம் ஏன் சுருங்குகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை வெளியே சொன்னால் அவள் போகும் வழியில் கட்டையைப் போட்டதாகிவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

திரையில் வந்த பெண் நம்மூர்க்காரி; அந்தக் குளிர் ஊரில் ஒரு வருஷமாகப் படிப்பவள். கம்பளித் தொப்பியோடு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். பூசி மெழுகாமல் பேசினாள். பாடங்கள் நன்றாக இருக்கும், முதல் ஆறு மாதம் நாக்குத் தள்ளும் என்றாள். மொழி கற்றவர்களுக்கு வேலை கிடைத்துவிட்டது, மற்றவர்கள் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெரிய இடத்துச் சம்பளமெல்லாம் இங்கே கனவில்கூட வராது என்றாள். மனைவி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஏன் மூச்சு வாங்கறீங்க?" என்று கேட்டாள் மகள்.

லிஃப்ட் ஓடவில்லை, அஞ்சு மாடி ஏறி வந்தேன் என்றாள் அந்தப் பெண். வாரக்கணக்காக இப்படித்தான், பழுது பார்க்க ஆளே கிடைப்பதில்லையாம்.

"கதவு மூடுதா? மூடிட்டு நகராம நிக்குதா?" என்றான் லிஃப்ட்காரன். கேட்ட பிறகுதான் கேட்டது தன் குரல் என்று அவனுக்கு உறைத்தது.

அந்தப் பெண் திகைத்துப் போய் அது யார் என்றாள். மனைவி சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்பினாள். துணியோடு உட்கார்ந்திருந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் வைத்தான். வெளிநாட்டு ஆட்களை லிஃப்ட் வேலைக்கு எடுப்பார்களா என்று மனைவி விசாரித்தாள். சான்றிதழ் சரிபார்ப்பு, மொழித் தேர்வு என்று அலைய வேண்டியிருக்கும், ஆனால் ஆள் தேடுவது நிஜம் என்றாள் அந்தப் பெண்.

அழைப்பு முடிந்ததும் மனைவி குறிப்பு நோட்டை மூடி வைத்தாள்.

"என் வேலை, என் சம்பளம்னே எல்லாரும் பேசிட்டிருந்தோம். உங்களுக்கும் ஒரு வேலை இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க."

அவனுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. உடனே பயமும் வந்தது. "எனக்காகப் பெரிய இடத்தை விட்டுடாதே."

"அது இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும்? கேக்கறப்பெல்லாம் உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொல்லிட்டுப் போயிடறீங்க."

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நீ படிக்கணும். ஆனா நீ இல்லாம ரெண்டு வருஷம் இந்த வீட்ல என்னால இருக்க முடியும்னு தோணல."

மனைவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். கண்ணில் ஈரம் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் போனா உங்களுக்கு ஒண்ணுமே இல்லையோன்னு நினைச்சேங்க."

அதற்காக அன்றே முடிவெடுத்துவிடவில்லை அவள். ஒரு வாரம் போல அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் படங்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவன் குறுக்கே பேசவில்லை. ஒருநாள் வேலை விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அந்தப் பெரிய இடத்துல படிச்சா நல்ல வேலை கிடைக்கும். ஆனா கடன் தீர்ற வரைக்கும், எனக்கு இது பிடிக்கலைன்னு வாயைத் திறக்க முடியாது. இப்பவும் கவுன்ட்டர்ல அப்படித்தானே உக்காந்திருக்கேன்."

பெரிய இடத்துக்கு, வரவில்லை என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, திறந்து வைத்திருந்த அந்தப் படங்களை ஒவ்வொன்றாக மூடினாள். அவன் டீ போட்டு வந்து பக்கத்தில் வைத்தான். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்; பிறகு அவனே அக்கா மகளுக்குக் கையுறை வாங்கி வந்தான்.

குளிர் நாட்டு மொழி வகுப்பு அடுத்த சனிக்கிழமை காலை தொடங்கியது. மூன்று பேரும் ஒரே திரைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை லிஃப்ட்காரன் நடுவில். நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். மனைவி ஒரு நொடி தயங்கினாள். கவுன்ட்டர் வேலைக்கான வார்த்தையைத்தான் அவள் தேடி வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, மாணவி என்று சொன்னாள். நானும் மாணவி என்றாள் மகள், அம்மாவைவிடச் சுத்தமான உச்சரிப்பில்.

அடுத்தது லிஃப்ட்காரன். அவன் தொழிலுக்கு அந்த மொழியில் ஒரே வார்த்தைதான். ஆனால் அது திரையின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி வரைக்கும் போனது. ஒரு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு தொடங்கினான். பாதி தூரம் போனதும் மூச்சு தீர்ந்து நின்றான். டீச்சர் காத்திருந்தார். மகள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மீதி எழுத்துகளை வாய்க்குள்ளேயே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.