தவிட்டுக்குப் போன பெண்ணும் கோணமேட்டு ஏரி ஏலமும்

கோணமேட்டு ஏரியில் மொத்தமாக மீன் வாங்குகிற வியாபாரி அந்த மீன்களுக்கு உறவுக்காரராக இருக்கக் கூடாது. இது மீன்துறை விதி. விதி வந்து வெகு காலமாகிறது. ஊரில் யாரும் அதை அதிகப்படி என்று சொன்னதில்லை. உறவு என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யமும் கூடவே வந்துவிடும். கூடையில் கிடக்கிற கெண்டையின் முகத்தைப் பார்த்துவிட்டு எடையில் கண்ணை மூடிக்கொள்வார்கள். பக்கத்து ஏரியில் ஒரு வியாபாரி கெளுத்தி வகையில் மைத்துனர் முறையாகிறார் என்று தெரிந்து பாதி ஏலத்தில் எழுந்து போக வேண்டியிருந்தது. அவர் இப்போது முட்டை வியாபாரம் செய்கிறார். கோழிகளோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நன்றாக விசாரித்துக்கொண்டுதான் அதில் இறங்கினார்.

குஞ்சு பொரிக்கும் காலத்துக்கான தடை முடிந்ததும், வலை இறங்குவதற்கு முன்னால், மீன்துறை ஆய்வாளர் கிருபானந்தம் மதகின்மேல் ஏறி நின்று மொத்த வியாபாரிகளைக் கேட்பார். உறவு உண்டா? இல்லீங்க என்பார்கள். அவ்வளவுதான் சடங்கு. தவிட்டம்மாளும் வருஷா வருஷம் இல்லீங்க என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டிகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

கோணமேட்டில் மொத்த வியாபாரிகள் இரண்டே பேர். ஒருத்தி தவிட்டம்மாள். ஐம்பதைத் தாண்டியவள், ஏலம் கேட்டுக் கேட்டுத் தொண்டை கரகரத்துப் போனவள். விடிந்தால் சுற்றுவட்டாரத்துக் கூடைக்காரிகள் எல்லாம் அவள் கொட்டகை வாசலில்தான் நிற்பார்கள். புருஷன் தணிகாசலம் ஐஸ் உடைத்துப் போடுவார், வேறு எதிலும் தலையிட மாட்டார். இன்னொரு வியாபாரி ஏகாம்பரம். அவருக்கு அந்தக் கொட்டகைமேல் ரொம்ப நாளாகக் கண். விலையைக் கூட்டிக் கேட்டுப் பார்த்தார், கூடைக்காரிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு அவர்கள் தவிட்டம்மாளிடமே போனார்கள்.

இந்த வருஷம் அவள் இல்லீங்க என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஏகாம்பரம் கையைத் தூக்கினார்.

"சார், இந்தம்மா தவிட்டுக்கு வித்த பொண்ணு. யார்கிட்ட வித்தாங்கன்னு கேளுங்க."

விஷயம் உண்மைதான். அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையை முறத்தில் கிடத்தி யாரிடமாவது ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவது வழக்கம். பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டால் எமனுக்கு விலாசம் குழம்பிவிடும். வளர்ப்பது என்னவோ பெற்றவர்கள்தான். ஆனால் தவிட்டம்மாள் பிறந்தது அறுப்புக் காலம். எல்லோரும் கழனியில் கிடந்தார்கள், வாங்குவதற்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை. பிள்ளைக்கோ உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பா முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏரியிடம் விற்றுவிட்டார். ஏரியும் பேரம் பேசாமல் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டது. தவிடு கொஞ்சம் ஈரமாக இருந்தது, அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பெண்ணை மீட்டுக்கொண்டிருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். அப்பாவும் அளந்து எடுத்துத்தான் வைத்திருந்தார். அதைப் பந்தல்காரனுடைய மாடு தின்றுவிட்டது. வேறு தவிடு வாங்குவதற்குள் மேளம் கொட்டிவிட்டார்கள். அப்புறம் பந்தி, மொய், மாப்பிள்ளை வீட்டுக் கோபம் என்று போனதில் அது அடியோடு மறந்துவிட்டது.

கிருபானந்தம் கெட்ட மனிதர் இல்லை. மதகிலிருந்து இறங்கி வந்தே பேசினார்.

"அப்போ ஏரி உங்களுக்கு அம்மா ஆவுது."

"ஆமாங்க."

"மீனுங்க?"

தவிட்டம்மாள் யோசித்தாள். "கூடப் பொறந்ததுங்கதான்."

"இத்தன வருஷமா சொல்லலியேம்மா."

"நெனப்பு இல்லீங்க சார். வித்தது எங்கப்பா. நான் முறத்துல தூங்கினு இருந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை முதல் ஏலம். அதற்குள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து உறவை முடித்துக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்தில் உட்கார முடியாது, ஏலத்தில் உட்காராதவருக்குக் கொட்டகையும் கிடையாது என்றார் கிருபானந்தம். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏகாம்பரம் கொட்டகையின் நீளத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார். அந்தக் காலை ஒடித்தால் என்ன என்று தவிட்டம்மாளுக்குத் தோன்றியது.

வீட்டில் தணிகாசலம் வேறு கவலையில் இருந்தார். இத்தனை வருஷமாக மாமியாரிலேயே குளித்து, மாமியாரிலேயே வாய் கொப்பளித்து, லுங்கியையும் அங்கேயே அலசியிருக்கிறோமே என்று கூசிப்போய்த் திண்டாடினார்.

"சொல்லியிருந்தா பம்ப்செட்டுக்குப் போயிருப்பேனே புள்ள."

"எனக்கு மட்டும் தெரியுமா? பேசாம ஐஸப் பாருங்க."

தவிட்டம்மாள் ரைஸ் மில்லுக்குப் போய் நல்ல தவிடாகப் பார்த்து ஒரு படி வாங்கி வந்தாள். வெயில் தாழ்ந்ததும் படித்துறையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, முறத்தோடு தவிட்டை நீட்டினாள். மனசு ஒரு பக்கம் வேண்டாம் என்றது. ஆனால் இந்தத் தொழிலை விட்டால் அவளுக்கு வேறென்ன தெரியும்? அவளும் கூடைக்காரிகளும் பிழைக்கிற கொட்டகை அது.

"எங்கப்பாதான் மறந்துட்டாரு. நீ வாங்கிக்கோம்மா" என்று சொல்லித் தவிட்டைத் தண்ணீரில் சாய்த்தாள்.

தவிடு கொஞ்ச தூரம் போயிற்று. அப்புறம் நின்றது. அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்து அவள் காலடியில் ஒதுங்கியது. கையால் தள்ளிவிட்டாள், திரும்பி வந்தது. முறத்தில் வாரி நடுத்தண்ணீர்வரை கொண்டுபோய்க் கொட்டினாள். அவள் கரைக்கு வருவதற்கு முன்னால் தவிடு கரைக்கு வந்திருந்தது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரால் தலையைத் தூக்கியது.

"அம்மா வாங்க மாட்டேங்குதுக்கா."

"ஏன்டா?"

"ஒரு படி தவிட்டுக்கு எம்பொண்ண வுட்டுடுவேனான்னு கேக்குது."

தவிட்டம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெற்றவள் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. ஆடி மாதத்தில் தெருப் பெண்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறும்போது, அவள் மட்டும் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். அம்மா வீடு எது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அந்த வீடு இத்தனை வருஷமும் கொட்டகைக்கு எதிரிலேயே அலையடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"உங்களையெல்லாம் கூடை கூடையா வித்துட்டனேடா."

"அது தொழிலுக்கா. அத யாரும் தப்பா நெனக்கல" என்றது விரால். பிறகு கொஞ்சம் தயங்கியது. "எங்க மேல ஜிலேபிங்களக் கொட்டி மூடறீங்க பாரு, அதான் மனசுக்குக் கஷ்டமா கீது."

ஜிலேபி மீன்கள் மீன்துறை எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டவை. ஏரிக்குள் அவை வாடகைக்குத்தான் குடியிருக்கின்றன. இனிமேல் தனிக் கூடை போடுகிறேன் என்றாள் தவிட்டம்மாள். விரால் சரி என்று உள்ளே போய்விட்டது. அவள் தவிட்டை அள்ளிப் பக்கத்துக் கழனி மாட்டுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனதில் தன் வீட்டைத் தாண்டி இரண்டு வீடு போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் வெள்ளை வேட்டியில் வந்து அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். மீனவர் சங்கத்து ஆட்கள் வலையை இழுத்துக் கூடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கூடைக்காரிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

"உறவு முடிஞ்சுதாம்மா?" என்றார் கிருபானந்தம்.

"முடியலீங்க. அம்மா ஒத்துக்கல."

"அப்போ நீங்க மீன் வாங்க முடியாது."

"நான் எங்க சார் வாங்கறேன்னு சொன்னேன்? விக்கப்போறேன்."

ஏகாம்பரம் எழுந்துவிட்டார். "அது எப்பிடி?"

கிருபானந்தம் ஏரியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். விதி முழுவதும் அவருக்கு மனப்பாடம். உறவுக்காரர் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. விற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. யோசித்துப் பார்த்தால், வீட்டுப் பொருளை வீட்டு மனுஷிதான் விற்க வேண்டும். இதுவரைக்கும் சங்கம் விற்றதுதான் கொஞ்சம் முறையில்லாமல் இருந்திருக்கிறது. அவர் அதைச் சொன்னதும் சங்கத்தார் தலையாட்டினார்கள். அக்கா நிற்கிறாள் என்றால் மீன்கள் வலைக்குள் முரண்டு பிடிக்காது, தங்களுக்கும் தோள் வலி மிச்சம் என்றார்கள்.

"மொத்தமா வாங்க நான் ஒருத்தன்தான கீறேன்? நான் சொல்றதுதான் விலை" என்றார் ஏகாம்பரம்.

அப்போது கூடைக்காரிகள் ஓரத்திலிருந்து நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே வியாபாரியாகக் கேட்கப்போவதாகச் சொன்னார்கள். அவர்களில் யாருக்காவது உறவு உண்டா என்று கிருபானந்தம் ஒவ்வொருத்தியாக விசாரித்தார். ஒருத்திக்கு மட்டும் நண்டு வகையில் தூரத்துச் சம்பந்தம் இருந்தது. நண்டு வரும்போது அவள் எழுந்து போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று.

தவிட்டம்மாள் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஏலம் விட்டாள். இத்தனை வருஷம் விலையை இறக்கப் பழகிய தொண்டை, ஏற்றுவதற்கும் சுலபமாகவே வளைந்தது. விரால் கூடைக்கு ஏகாம்பரம் ஒரு விலை சொல்லிவிட்டு நிறுத்தினார். அவள் முடித்துவிடலாமா என்று பார்க்கும்போது கூடைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா, அவுரு இன்னும் ஏறுவாரு."

ஏறினார். வேட்டியெல்லாம் வியர்வையாகி, வாங்கியும் கொண்டார். ஜிலேபிகள் தனிக் கூடையில் போயின.

கொட்டகை அவளுக்கே என்று கிருபானந்தம் அறிவித்தார். ஜீப்பில் காலை வைத்தவர், நின்று திரும்பினார்.

"ஒண்ணும்மா. உறவுன்னு சொல்லிதான் விக்கறீங்க. தாய்வீட்டுச் சீரு எதாவது வந்துருக்கா?"

"இதுவரிக்கும் இல்லீங்க."

"வாய்ப்பேச்சு உறவ மீன்துறை ஒத்துக்காது. மொறையா நடக்கணும்" என்றவர், மதகின்மேல் ஏறி அதையே ஏரியிடமும் சத்தமாக ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஏரி சீர் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. முன்னால் தாமரை இலைகளில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு பச்சைப் புடவை. பின்னால் தம்பிமார் எல்லோரும் வரிசையாக. வாடகைக்காரர்கள் என்று பார்க்காமல் ஜிலேபிகளையும் அழைத்து வந்திருந்தது. தெரு கொஞ்சம் குறுகலாக இருந்ததால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் வீடுகளை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டு வழிவிட்டார்கள். தணிகாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாமியார் முகத்தை நேராகப் பார்க்காமல், வாங்க என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தவிட்டம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிம்மா. நடந்து வந்துருக்க."

வெயிலில் வந்த களைப்பு. ஏரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டது.