இலைக்குக் கீழே

"நான் சொல்லுறது என்னெண்டால், அதுக்கு மருந்து அடிக்க வேண்டாம் எண்டு..."

"மருந்தெண்டு ஆர் சொன்னது? முதல்ல இலையைத் திருப்பிப் பாரும். பாராமல் சும்மா..."

"பாத்திட்டன், பாத்திட்டன்! வெள்ளை வெள்ளையாப் புள்ளி. போன வருசம் பூசணிக்கு வந்ததே, அதே சாம்பல் நோய்..."

"சாம்பல் நோயெண்டால் விரலால தேய்க்கப் போகும். தேச்சுப் பாரும். போகுதோ?"

"கத்தாதேங்கோ. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கத்துறது நீர்."

செல்வநாயகி இலையை விரலால் அழுத்தித் தேய்த்தாள். புள்ளி போகவில்லை. ஊசியால் குத்தி எடுத்ததுபோல, பச்சைக்குள்ளேயே வெளுத்துக் கிடந்தது.

அவள் புருசன் சபாரத்தினத்தார் கடிதம் வாசிக்கிற பூதக்கண்ணாடியை இலையின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனார். "இஞ்ச வாரும். நரம்போரம் பாரும். அசையுது."

அவள் குனிந்தாள். தூசி என்று நினைத்ததற்குக் கால் இருந்தது. ஒன்று இரண்டல்ல, ஊர்வலம் போனது. இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வலை.

"சிவப்புச் சிலந்தி. மிளகாய்க்கும் வாறது. கீழ இருந்து சாறை உறிஞ்சும், மேல புள்ளி விழும். ஒரு கிழமை விட்டால் செடியையே வலையால மூடிக் கட்டிப்போடும்."

"அதுக்கு? பிள்ளை நெஞ்சுக்குள்ள இழுக்கிற சாமான். அதில போய் நஞ்சை அடிக்கப் போறியளோ?"

"சவர்க்காரத் தண்ணி, சவர்க்காரத் தண்ணி! துணியை நனைச்சு ஒவ்வொரு இலையாத் துடைக்க வேணும். பிறகு நல்ல தண்ணியால கழுவி விட வேணும். நஞ்சோ அது?"

"எத்தினை இலை இருக்கு, எண்ணிப் பாத்தனியளோ?"

"எண்ணுவானேன்? துடைக்கிறதுதானே. உமக்கு வேற என்ன வேலை?"

"எனக்கு வேலை இல்லையோ? விடிஞ்சதில இருந்து நாலு தரம் அந்தப் பேசினைக் கழுவினது ஆர்?"

சண்டை அந்த இடத்தில் அறுந்துவிட்டது. பேசின் என்றால் அந்த வீட்டில் மகன் வாந்தி எடுக்கவென்று கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிற நீலப் பேசின்தான். சபாரத்தினத்தார் பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

புலம்பெயர்ந்து வந்த லின்ஃபீல்டில் அந்த வீட்டுப் பின்வளவில், தக்காளிக்கும் வேலிக்கும் நடுவில் ஒளித்து வைத்து வளர்த்த செடி அது. கஞ்சாச் செடி. பொலிஸ் கண்டால் கேள்வி வரும் என்று மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. "மருந்துச் செடி" என்பாள் செல்வநாயகி. "பின்னால நிக்கிறது" என்பார் சபாரத்தினத்தார். பார்த்தீபன் ஒன்றுமே சொல்வதில்லை.

பார்த்தீபனுக்கு நாற்பத்திரண்டு வயது. குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபின் தனியாக இருந்த ஃபிளாட்டை விட்டுத் தாய்தகப்பனிடம் வந்தவன். மருந்தேற்றிக்கொண்டு வந்தால் ஐந்து நாளைக்குத் தண்ணீர்கூட நிற்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த குமட்டல் குளிசை கேட்கவில்லை. பிறகு கொடுத்த கஞ்சா எண்ணெய்த் துளியையும் விழுங்கிய கையோடு கக்கினான். கடைசியில் கூட வேலை செய்த ராகேஷ் ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்து கொடுத்ததுதான் கேட்டது. கராஜுக்குப் பின்னால் போய் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால் அரைக் கோப்பைக் கஞ்சி உள்ளே இறங்கும். இறங்கினது தங்கும்.

அந்த ராகேஷ்தான் ஒக்டோபரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இந்தக் கன்றையும் கொண்டுவந்தான். கிறிஸ்மஸ் கழிந்ததும் பிரிஸ்பேனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகிறபோது செல்வநாயகியைக் குசினி வாசலில் நிறுத்தி, "ஆன்ட்டி, இலை உதவாது, சும்மா தலையிடிதான் வரும். பூதான் மருந்து. நுனியில வெள்ளை நூல் மாதிரி வரும், பிறகு மண்ணிறமாகும். அதுக்குப் பிறகு வெட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்குச் சொன்னான். அவருக்குச் சொல்லவில்லை. பார்த்தீபன் விடவில்லை. "அப்பாவுக்கு முன்னால இந்தக் கதை வேண்டாமடா" என்றுவிட்டான். மகன் தகப்பனுக்கு முன்னால் சிகரெட் பிடிக்கிற குடும்பமில்லை அது. சாகக் கிடந்தாலும் பிடிக்கமாட்டான். அவன் கராஜுக்குப் பின்னால் போனால் அவர் முன்ஹோலுக்குப் போய் டிவியைச் சத்தமாகப் போடுவார். அது அவர் கொடுக்கிற மரியாதை. போத்தலுக்குள் இருப்பது என்ன, அவன் சுற்றுகிற கடதாசிக்குள் போவது என்ன என்று அவர் ஒரு நாளும் கண்டதில்லை. கேட்டதுமில்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் கதை போவதென்றால் செல்வநாயகியூடாகத்தான் போகும்.

"சரி, துடைக்கிறன்" என்றாள் அவள், துணியை வாங்கிக்கொண்டு.

"அடி இலையில இருந்து தொடங்கும். பூச்சி கீழ இருந்துதான் ஏறும். இலைப்பயிருக்கு இலைதான் சீவன். இலையைக் காப்பாத்தினால் பாதி வேலை முடிஞ்சுது."

இலை இல்லையப்பா, பூ என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொன்னால், உமக்கெப்பிடித் தெரியும் என்பார். தெரியும் என்றால், அவன் இழுக்கிறபோது பக்கத்தில் நின்றீரோ என்பார். நின்றவள்தான். லைட்டரைப் பிடிக்க அவனுக்கு ஏலாத நாட்களில் பற்றவைத்துக் கொடுத்தவளும் அவள்தான். பூக்கிற காலத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டாள்.

மாசி முழுக்க அந்த வேலைதான். காலையில் இவள் கீழ்க்கிளை, அவர் மேல்கிளை. நடுவில் மழை விட்டுவிட்டுப் பெய்ய, அடியிலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

"இது என்ன புது வருத்தம், வேற நோயோ?"

"வருத்தமில்லை. பசி. மண்ணில போட்ட பசளையை மழை கழுவிக்கொண்டு போகுது. நாளைக்கு மீன்தலை வாங்கினால் எறிஞ்சுபோடாதையும்."

மீன்தலை புதைத்தார். பசளை கரைத்து ஊற்றினார். இலையைச் சுருட்டி உள்ளே இருந்து தின்ற பச்சைப் புழுக்களைப் பிடித்துப் பிடித்துச் செருப்பால் தேய்த்தார். ஊரில், அச்சுவேலியில், இரண்டாயிரம் கன்று புகையிலை வைத்த மனிதர், முப்பது வருசம் விமான நிலையச் சமையல்கூடத்தில் தட்டுக் கழுவிவிட்டு, இப்போது ஒரு கன்றுக்கு முன்னால் முட்டுக்காலில் நின்றார்.

ஒரு நாள் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அன்னத்தின் தலை தெரிந்தது. மதுரைப் பக்கத்துக்காரி, மகன் வீட்டுக்கு வந்திருப்பவள்.

"அக்கா, அது புளிச்சகீரைதானே? இந்த ஊர்ல எங்க தேடியும் கெடைக்கல. ரெண்டு கட்டு ஒடிச்சுக் குடுங்களேன், தொக்கு பண்ணணும்."

செல்வநாயகி துணியோடு செடியை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஓம்... அதுதான். ஆனால் பூச்சி விழுந்திட்டுது அன்னம். நஞ்சு அடிச்சிருக்கு."

"அடடா! நல்லா தளதளன்னு இருக்கே. வாடைதான் ஒரு மாதிரியா இருக்கு. பூச்சிமருந்து வாடையா?"

"ஓமோம். பூச்சிமருந்து."

தலை மறைந்ததும் சபாரத்தினத்தார் தக்காளிக்குப் பின்னால் இருந்து மெல்ல எழும்பினார். "தொக்கு செய்து முழு வீட்டுக்கும் குடுத்திருப்பாள்" என்றார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வருசத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

பங்குனி முதல் கிழமையில் நுனிகளில் வெள்ளை நூல் தெரிந்தது. செல்வநாயகி அதை அவருக்குச் சொல்லவென்று நினைத்த அன்றைக்கே பார்த்தீபனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றுக்கு ஏறியது. அம்புலன்ஸ் வந்தது. அவள் கூடப் போனாள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கதிரையில் கிடந்தாள்.

ஆறாம் நாள் நிறுத்துப் பார்த்தார்கள். நாற்பத்தாறு கிலோ. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னார். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் உடம்பு தாங்காது, மருந்தேற்றுவதை நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் பிறகு என்ன என்று செல்வநாயகி கேட்கவில்லை.

டாக்சியில் திரும்பி வருகிறபோது அவன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"அம்மா, போத்தல்ல எவ்வளவு கிடக்கு?"

"மூண்டு நாலு நாளைக்கு வரும்."

"நூல் வந்ததெண்டு சொன்னனீங்கள் என்ன?"

"வந்திட்டுது அப்பன். நுனி முழுக்க."

"முதல்ல வாறதை வெட்டிக் காயவைச்சாலும் போதும். அடுத்த முறை ஏத்துறதுக்கிடையில ரெண்டு கிலோவாவது போட்டிடுவன்." பிறகு, "கத்தரிக்காய்க் குழம்பு வைப்பீங்களோ அம்மா?" என்றான்.

சாப்பாட்டை அவன் தானாகக் கேட்டு எத்தனை மாசம். அவனைக் கட்டிலில் விட்டுவிட்டு அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் பின்வளவுக்குப் போனாள்.

சபாரத்தினத்தார் கவிழ்த்த வாளியில் இருந்தவர் எழும்பினார். முகம் ஒரே வெளிச்சம். "வாரும், வந்து பாரும்! ஒவ்வொண்டும் விரிச்ச கையளவு. திருப்பிப் பாரும், ஒரு பூச்சி இருந்தால் என்ரை பேரை மாத்தும். மஞ்சளும் நிண்டுட்டுது."

உண்மைதான். இலையென்றால் இலை. கரும்பச்சையாக, தடிப்பாக, ஒரு புள்ளி இல்லாமல். அவள் கண் மேலே போனது. எல்லாக் கிளையும் ஒரே மட்டத்தில் மொட்டையாக நின்றது.

"நுனி எங்க?"

"கிள்ளிப்போட்டன். நீர் போன மறுநாளே பூ எட்டிப் பாத்திட்டுது. பூக்க விட்டால் சத்தெல்லாம் அங்க போயிடும், இலை மெலியும். புகையிலைக்குச் செய்யிறதுதானே. ஒண்டு விடாமல், பக்கத்தால வந்ததையும் சேத்து, நாள் தப்பாமல் கிள்ளினனான்."

"எங்க போட்டனியள்?"

"ஏன் கேக்கிறீர்?"

"எங்க போட்டனியளெண்டு கேக்கிறன்!"

அவர் குப்பைக் கிடங்கைக் காட்டினார். அவள் இரண்டு கையாலும் கிண்டினாள். வெட்டிய புல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல். அதற்கும் கீழே, ஆறு நாள் மழையில் அவிந்து, சாம்பல் பூஞ்சணம் மூடிய ஒரு பிடி சேறு. பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வந்தது. அதிலும் நூல் நூலாக ஏதோ தெரிந்தது.

"அதுதான் மருந்து" என்றாள் செல்வநாயகி. "இலை இல்லை. பூ."

அவர் செடியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் அவனைக் கேக்கேல்லை?"

"திரும்பப் பூக்காதோ? விட்டால் பூக்கும். பூக்கும்தானே?"

"இஞ்ச பங்குனியோட குளிர் வந்திடும். பூத்தாலும் ஆறேழு கிழமை. அவன்ரை போத்தல்ல மூண்டு நாளைக்குத்தான் கிடக்கு. ஒரு கிலோ இறங்கினால் மருந்தேத்த மாட்டினமாம். இண்டைக்குச் சொல்லிப்போட்டினம்."

சபாரத்தினத்தார் வாளியில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி மடியில் இருந்து புல்லில் விழுந்தது.

குசினிக் கதவு கிறீச்சிட்டது. பார்த்தீபன் போர்வையை உடம்பில் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். தகப்பன் நிற்கிறபோது அவன் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. திரும்பிப் போய்விடுவான் என்று செல்வநாயகி நினைத்தாள். சேற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அவன் போகவில்லை. செடிக்குக் கிட்டப் போய் நின்று மேலே பார்த்தான். ஒவ்வொரு கிளையாக, நுனி நுனியாக, கடைசிக் கிளை வரைக்கும் பார்த்து முடித்தான். பிறகு குனிந்து புல்லில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்தான். எடுத்து நிமிர அவனுக்கு நேரம் எடுத்தது. ஓர் இலையைத் திருப்பி, தகப்பன் பார்க்கிறதுபோலவே நரம்போரம் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். சபாரத்தினத்தார் தலையைத் தூக்கவில்லை.

"ஒரு பூச்சிகூட இல்லை, அப்பா. இலை நல்லா வந்திருக்கு."