வாசல் காசு

இராஜரட்ணத்தின் ஒரே மகளுடைய எதிர்காலத்துக்கு விலை ஐந்நூறு டொலர், வரி உட்பட. ரூஜில் உள்ள அவர்கள் வீட்டு அடுப்படியில், புட்டு ஆறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த விலை படிந்தது. வெளியாள் என்றால் இன்னும் கூடக் கேட்டிருப்பார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் விலை கொஞ்சம் சரியத்தான் செய்யும்.

மகள் நிரூபாவுக்கு இருபத்துநான்கு வயது. கணக்கியல் படித்துப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு, ‘ஒடியல்’ என்ற ஹெவி மெற்றல் குழுவில் பேஸ் கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு கத்தப் போனவள். பாடப் போனவள் என்றும் எழுதலாம். ஆனால் அவளுடைய வாய்ப்பாட்டு வகுப்புக்கு எட்டு வருடம் காசு கட்டியவர் இராஜரட்ணம். அந்தச் சொல்லுக்கு அவர் சம்மதிக்கமாட்டார்.

அவருக்கு மார்க்கம் றோட்டில் சீலைக் கடை. கூடவே கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுவார். அதற்கென்று இரண்டு வான்கள். அதில் ஒன்றைக் கோடை முழுக்கத் தந்தால் ஒட்டாவா, மொன்றியல், ஹலிஃபக்ஸ் என்று வாசித்துக்கொண்டு வரலாம் என்பது மகளின் கோரிக்கை.

“கோடையிலதான் பிள்ளை கலியாணம். வானை உன்னட்டத் தந்திட்டு மாப்பிள்ளை பொம்பிளையை எதில இருத்துறது? உங்கட ட்ரம்மிலையோ?”

“அப்பா, ஆக்கள் காசு குடுத்து வந்து பாக்கினம். திஸ் இஸ் நொட் எ ஹொபி.”

“எவ்வளவு குடுக்கினம்?”

காசு என்ற சொல் காதில் விழுந்ததும் இராஜரட்ணம் தகப்பன் வேலையிலிருந்து கழன்று வியாபாரியாகிவிட்டார். நிரூபா விளக்கினாள். அவர்கள் வாசிக்கும் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளில் நாலைந்து குழுக்கள் வாசிக்கும். வாசலில் நிற்பவன் வருகிற ஒவ்வொருவரிடமும் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பான். சொன்ன குழுவின் பெயருக்கு ஒரு கோடு. கோட்டுக்குத் தக்க காசு.

ஒப்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. வரும் ஞாயிறு ஒடியலுக்கு வாசல் காசு ஐந்நூறு டொலர் சேர்ந்தால் வான் கோடை முழுக்க அவளுக்கு. சேராவிட்டால் யூலை முதலாம் திகதி அவள் கடையில் மனேஜராக வந்து இருக்கவேண்டும், கிற்றார் கராஜுக்குப் போகவேண்டும். கிளப்காரன் வாசல் காசை எப்படிப் பிரிப்பான் என்று இராஜரட்ணம் கேட்கவில்லை. முப்பது வருட வியாபாரத்தில் அவர் கேட்காமல் விட்ட முதலாவது கேள்வி அதுதான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிய மனைவி பேபி ஒன்றும் சொல்லவில்லை. பேபி ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் பூப்பு நீராட்டு, சாமத்தியவீடு. வட்டிலப்பம் வந்துகொண்டிருந்தபோது பேபி மேசை மேசையாகப் போனாள்.

“என்ர பிள்ளையின்ர புறோகிராம் ஒண்டிருக்கு. எல்லாரும் வாங்கோ. உதில பக்கத்திலதான்.”

பக்கம் என்பது நெடுஞ்சாலையில் முக்கால் மணித்தியாலம். என்ன புறோகிராம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை என்றால் பரதநாட்டியம், இல்லாவிட்டால் வீணை. இருபது பேர் கிளம்பினார்கள். அட்டியலும் காஞ்சிபுரமுமாக, டண்டாஸ் வீதி மேற்கில், சுவரெல்லாம் மண்டையோடு ஒட்டிய ஒரு கிளப்பின் வாசலில் இறங்கினார்கள். கணக்கில் கள்ளம் நடக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த இருபதில் இராஜரட்ணமும் ஒருவர்.

வாசலில் தாடியும் கழுத்துவரை குத்திய பச்சையுமாக ஒரு மலை நின்றது. இராஜரட்ணம் தன்னுடைய நல்ல இங்கிலீசைத் தொண்டைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த நேரத்தில் மலை வாய் திறந்தது.

“வாங்கோ அங்கிள். என்னைத் தெரியேல்லையே? றொய்சன். அம்மா உங்கட கடையிலதான் சீலை எடுக்கிறவ. ஆரைப் பாக்க வந்தனீங்கள்?”

“ஒடியல்!” என்றாள் பேபி, சந்தைக்கே கேட்கும்படி. “இருபது பேரும் ஒடியல்தான். வடிவாக் கோடு போடு தம்பி.”

“ஆளுக்கு இருபது டொலர் அன்ரி.”

அதோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு விலை சொல்லப்பட்டுவிட்டது. காதுக்குக் கிட்ட யாராவது விலை சொன்னால் இராஜரட்ணத்தின் வாய் தன்பாட்டில் திறந்துவிடும். கொட்டாவி மாதிரி, அதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை.

“இருபதோ! என்ன தம்பி, சாப்பாடும் தருவியளோ?”

“இல்லை அங்கிள்.”

“கதிரை?”

“எல்லாரும் நிண்டுதான் பாக்கிறது.”

“நிக்கிறதுக்கு இருபது டொலரோ? உதில பஸ் ஸ்ரொப்பில சும்மா நிக்கலாமே. இஞ்ச பார் தம்பி, நான் இருபது தலை கொண்டு வந்திருக்கிறன். மொத்த வியாபாரம். பத்துப் போடு.”

“இஞ்சாருங்கோ, பேசாமல் குடுங்கோ,” என்று பேபி இடுப்பில் இடித்தாள். இடிக்க இடிக்க அவருக்கு ஊக்கம் கூடியது. கடைக்கு மனைவியோடு வருகிற புருசன்மாரையெல்லாம் அந்த இடிதான் தோற்கடிப்பது என்று அவருக்குத் தெரியும்.

“பத்து ஏலாது அங்கிள்.”

“போன முறை உன்ர அம்மாவுக்கு மயில்கழுத்து நிறத்தில எவ்வளவு குறைச்சனான் எண்டு கேட்டுப் பார்.”

றொய்சன் தாடியைத் தடவினான். பிறகு சிரித்தான். “சரி அங்கிள், உங்களுக்காகப் பன்னிரண்டு. எங்களுக்கு அதில நட்டம் ஒண்டும் இல்லை.”

விற்கிறவன் சிரித்துக்கொண்டு இறங்கினால் வேறு யாருடைய பொக்கற்றோ கிழிகிறது என்று கடைப் பெடியளுக்குப் பாடம் எடுக்கிறவர் இராஜரட்ணம். அன்றைக்குப் பாடம் ஞாபகம் வரவில்லை, வெற்றிதான் வந்தது. ஆளுக்கு எட்டு டொலர் வெட்டிய வீரத்தை உள்ளே போகும்வரை மற்ற எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

உள்ளே நடந்ததை இசை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். முதல் அடியில் ஒரு மாமியின் கொண்டைப் பூ கழன்றது. கண்ணன் பாட்டை எதிர்பார்த்து முன்வரிசையில் கைகட்டி நின்ற சொந்தக்காரர்கள், இடித்துக்கொண்டு துள்ளிய பெடியளின் நடுவில் திருவிழாக் கூட்டம் போல அங்கும் இங்கும் அள்ளுண்டார்கள். துள்ளுகிறவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். இடித்த ஒவ்வொரு முறையும் சொறி சொன்னார்கள். இராஜரட்ணம் கடதாசி லேஞ்சியைச் சுருட்டிக் காதில் அடைத்தார். தகரக் கொட்டகைக்கு மேல் யாரோ தேங்காய் லொறியைக் கவிழ்த்தது போலவும், கவிழ்த்ததற்கு நியாயம் கேட்டு மகள் சண்டை பிடிப்பது போலவும் இருந்தது. சண்டை தமிழில் நடந்தது என்பது மூன்றாவது பாட்டில்தான் பிடிபட்டது.

பாட்டுக்கு நடுவில் நிரூபா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கறுப்பு ரீசேட்டைத் தூக்கிக் காட்டினாள். முப்பது டொலர், கடைசி ஐந்துதான் இருக்கிறது என்றாள். மேசைக்குக் கீழே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததை இராஜரட்ணம் வரும்போதே பார்த்திருந்தார். குறைக்கமுடியாதா என்று முன்னால் நின்ற ஒருவன் கத்தினான். உனக்காக இரண்டை அறுபதுக்குத் தருகிறேன் என்றாள் அவள். அவன் சந்தோசமாக இரண்டு வாங்கினான்.

இராஜரட்ணம் காதிலிருந்த கடதாசியை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பேபியைப் பார்த்து, “உது ஆரிட்டைப் பழகினது?” என்று கேட்டார். கேட்டபோது முகம் ஏன் அப்படி மலர்ந்திருந்தது என்று பேபி விசாரிக்கவில்லை. அடுத்த பாட்டு முழுக்கக் கால் தட்டினார். தாளத்தோடு அல்ல, ஆனாலும் தட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து றொய்சன் கணக்கோடு வந்தான். இருபது டொலரில் முதல் எட்டைக் கிளப் எடுத்துக்கொள்ளும், மிச்சம் பன்னிரண்டு குழுவுக்கு. ஒடியலுக்கு வேறு ஆட்கள் இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள், அதில் முந்நூற்று முப்பத்தாறு.

“அங்கிளின்ர ஆக்கள் இருபது பேர். ஆளுக்குப் பன்னிரண்டு தந்தவை. எங்கட எட்டுப் போக, ஆளுக்கு நாலு. எண்பது. மொத்தம் நானூற்றுப் பதினாறு.”

பேபிதான் முதலில் கணக்கை விளங்கிக்கொண்டாள்.

“பெத்த பிள்ளையின்ர கூலியில கை வைச்சிட்டியளே! வெல்லுறதுக்கு உப்பிடியும் ஒரு வழியோ?”

“நான் கிளப்காரனையெல்லோ குறைச்சனான்!”

சொன்னது முழு உண்மை. நம்பத்தான் ஆளில்லை. முப்பது வருடமாக ஒரு சதத்தையும் தெரியாமல் விடாதவர் இதை மட்டும் தெரியாமல் செய்தார் என்று சொந்தக்காரர்கள் நம்புவதற்கு அவர்களுடைய வட்டிலப்பத்தில் கள் கலந்திருக்கவேண்டும். கெட்டிக்காரத்தனம்தான் என்று ஒரு சித்தப்பா முதுகில் தட்டியும் விட்டார்.

நிரூபா சத்தம் போடவில்லை. “இட்ஸ் ஓகே அம்மா. டீல் எண்டால் டீல். யூலையில கடைக்கு வாறன்,” என்றாள். பிறகு குந்தியிருந்து கிற்றார் வயரை முழங்கையில் சுற்றத் தொடங்கினாள்.

இராஜரட்ணத்துக்குப் பயம் வந்தது. அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பார், ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பார். சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறாள். அப்படித் தலையாட்டுகிறவர்கள் திரும்பக் கடைப்பக்கம் வருவதில்லை. வந்து இருந்தாலும் இருக்கிறது சீலைக்கடைப் பொம்மை மாதிரித்தான். சற்றுமுன் இரண்டை அறுபதுக்கு விற்ற பிள்ளையைத் தானே எட்டு டொலருக்கு வெட்டிவிட்டது அப்போதுதான் உறைத்தது.

“எழும்பு,” என்றார். “கேள்.”

“எதைக் கேக்கிறது?”

“நான் வெட்டின காசைக் கேள். ஒருத்தன் உன்ர வாசலில வந்து விலையைக் குழப்பினால் உப்பிடியே வயர் சுத்துறது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தகப்பன் பகிடி விடுகிறாரா என்று முகத்தைத் தேடினாள். முகத்தில் பகிடி இல்லை, வியர்வைதான்.

“நூற்றறுபது,” என்றாள் மெதுவாக. “அதைச் சேர்த்தால் ஐந்நூற்று எழுபத்தாறு. வான் எனக்கு.”

“கதவு பூட்டினாப் பிறகு வாற காசு வாசல் காசோ?”

“அப்ப வாசலில நிண்டு கதைச்சது ஆர்?” வயர் கீழே விழுந்தது. “அப்பா, உங்கட மணவறையை ஒருத்தன் உடைச்சிட்டு, இப்ப கலியாணம் முடிஞ்சுது எண்டு சொன்னால் விடுவியளோ?”

“பாதிக் கோடை தாறன்.”

“முழுக்க. ஆனால் ஓகஸ்ட் கடைசிக் கிழமை கொண்டுவந்து விடுறன். பெற்றோல் எங்கட.”

“இன்சூரன்ஸும் உங்கட.”

“அது உங்கட. வானில உங்கட கடைப் பேர் போட்டிருக்கு. ஹலிஃபக்ஸ் வரைக்கும் விளம்பரம். அதுக்கு நான் காசு கேக்கேல்லை.”

இராஜரட்ணம் சுற்றி நின்ற சொந்தக்காரர்களைப் பெருமையோடு பார்த்தார். தோற்றுக்கொண்டிருக்கிற மனுசனின் முகம் அல்ல அது. செப்டெம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் கடைக் கணக்கு அவள் பார்ப்பாள் என்று ஒரு சலுகையை மட்டும் இழுபறிப்பட்டு வாங்கினார். றொய்சன் சாட்சி.

ஆக, அன்றைய கணக்கு. இராஜரட்ணம் கொடுத்தவை: ஓகஸ்ட் கடைசிக் கிழமை வரைக்கும் ஒரு வான், அதன் இன்சூரன்ஸ், வலது காதின் கேள்விப்புலனில் ஒரு பகுதி. பெற்றவை: சனிக்கிழமைகள். வெட்டிய நூற்றறுபது டொலர் இன்னும் பாக்கி. அவர் நூறுக்கு முடிப்போம் என்கிறார், மகள் ஒரு சதமும் இறங்கவில்லை.