அடிப்பிடித்த சூப்

கொதிக்கிற சூப்பின் ஓரத்தில் ஒதுங்கிய நுரையைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள் மகள். முன்னறையில் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மாலையில் வண்டி வந்துவிடும்.

அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அப்பாவ வீட்லயே விட்டுட்டுப் போயிடலாம். ஒடம்பு அனலா கொதிக்குது. நேத்துலேர்ந்து ஒரு வாய் இறங்கல. வழியில மயங்கி விழுந்தா யாரு தூக்கறது?”

“அம்மாவ வழியனுப்ப அவரு வராமயா? பேசாம இரு. வயித்துல ஏதாவது போனா எழுந்துடுவாரு. நான் குடிக்க வைக்கறேன்.”

வாய்ச்சவடால் இல்லை. பெரிய ஓட்டல் ஒன்றில் சூப் பிரிவே அவள் கையில் இருந்தது. தங்கியிருக்கிற யாருக்காவது சளி பிடித்தால் மேலாளர் முதலில் அவளைத்தான் தேடுவார். கோழி எலும்பு, வெங்காயம், நசுக்கிய பூண்டு, இறக்கும்போது மிளகு. சிறுதீயில், கண்ணாடி மாதிரி தெளிந்து வரும்.

அப்பா கட்டிலில் போர்வைக்குள் முடங்கி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ மாடிகளுக்கு லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், இப்போது கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடித்தார். ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“நல்லா இருக்கும்மா.”

“நல்லா இருந்தா குடிங்களேன்ப்பா.”

“நல்லாத்தான் இருக்கு,” என்று இருமினார். “அதான் இறங்க மாட்டேங்குது.”

அவளுக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது.

அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். பகலெல்லாம் கண்ணாடித் துளை வழியாக “எங்க? எத்தன? சில்லற குடு” என்று மூன்றே பேச்சில் பிழைப்பை ஓட்டிவிட்டு, மிச்சப் பேச்சையெல்லாம் வீட்டு வாசலில் கொட்டுவாள். யாருக்காவது சளி என்றால் அடுப்பில் சூப் ஏறும். வாசலில் பேச்சு ஏறும். தண்ணீர் வற்றி அடிப்பிடித்த பிறகுதான் ஓடி வருவாள். கருகலை மறைக்க ஒரு கை மிளகு, காரத்தை அடக்க ஒரு சொம்புத் தண்ணீர். உப்பு அவள் ஞாபகத்திலேயே கிடையாது. அதற்குப் பயந்து பிள்ளைகள் தலையணையில் முகம் புதைத்துத் தும்முவார்கள்.

“பாத்தியா? என் சூப்போட பேரக் கேட்டாலே சளி ஓடுது!” என்று மார்தட்டுவாள். ஓடியது பிள்ளைகள்தான்.

அப்பா மட்டும் ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடிப்பார். “பாத்திரம் ஊறட்டும்” என்று அம்மா படுக்கப் போய்விடுவாள். காலையில் அதைத் தேய்ப்பதும் அவர்தான். அந்த சூப்பைப் பழிவாங்கவே சமையல் கற்றுக்கொண்டதாக மகள் எல்லோரிடமும் சொல்லுவாள். அதைக் கேட்டு அதிகம் சிரித்தது அம்மாதான்.

மகள் சமையலறைக்குத் திரும்பினாள். தெளிந்த சாற்றில் பாதிக்கு மேல் வடித்து எடுத்து வைத்தாள். எலும்பும் வெங்காயமும் அடியில் கிடக்க, தீயை முழுதாகத் திறந்தாள். சாறு வற்றத் தொடங்கியதும் கை தானாகக் கரண்டிக்குப் போனது. இங்கே நின்றால் அடிப்பிடிக்காது.

முன்னறைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேதி கேட்டு வந்ததிலிருந்து நாற்காலி போடுவதும் ஃபோன் எடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தவள், இப்போதுதான் உட்கார்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அவள் அடக்கவில்லை.

“அடுப்புல சூப் இருக்கும்மா,” என்றாள் மெதுவாக. “நீ பாட்டுக்குப் பேசு.”

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அண்ணன் வெளியிலிருந்து பாய்ந்து வந்தான்.

“என்னமோ கருகுது! ஓட்டல்ல சமைக்கறவ வீட்லயே இப்படி...”

பாதியில் நின்றுவிட்டான். இன்னொரு தரம் மூச்சை இழுத்தான். அப்புறம் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் எழுந்து போய் ஒரு கை மிளகைப் போட்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். கொதித்ததும் கிண்ணத்தில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தார். ஒற்றைக் கண் இறுகியது.

“உப்பு?”

“போடல.”

தலையை ஆட்டிவிட்டு, மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். நெற்றியெல்லாம் வியர்த்தது.

“யப்பா! கண்றாவி,” என்றார். கால்களைத் தரையில் ஊன்றினார். “என் வெள்ளச் சட்டைய எடு.”

வெளியே வண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மாள் சமையலறைத் தொட்டியடியில் பாத்திரத்தோடு நின்றாள்.

“யாரும்மா இத இப்படிக் கருக்குனது? நான் தேச்சு வச்சிடட்டுமா?”

பொத்தான் போட்டபடியே அப்பா சமையலறைக்குள் வந்தார். சுவரைப் பிடிக்கவில்லை.

“ஊறட்டும்மா. காலைல நான் பாத்துக்கறேன்.”

அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினார். நிறையத் தண்ணீர் பிடித்தார். குழாயை மூடிவிட்டு, முன்னறைக்கு நடந்தார்.