சகாயம் உடுத்தும் பட்டு

எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்தேன். பல் தேய்த்தேன். நேற்றைய சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் சகாயத்தின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன்.

என் மனைவி பல்லவி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு மாட்டப் படம் வேண்டும். மாமியார் பாக்கியவதி எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் படத்தில் ஒரே துணிதான். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிக்கென்று இருந்த ஒரே படம் கம்பெனி எடுத்தது. நெஞ்சில் நம்பர் பலகை தொங்கும். ஆள் போனதும் சகாயத்தின் அப்பா பலகையை மறைத்து அதன்மேல் கறுப்புக் கோட்டு வரைந்து கொடுப்பார். சுரங்கக் குழிக்குள் அரை டிரவுசரில் வெந்தவர்கள் சாம்பியன் ரீப்ஸ் குடியிருப்பின் வீட்டுச் சுவர்களில் வக்கீல்களாகத் தொங்குகிறார்கள். பெங்களூரிலிருந்து பெரிய கேமராவோடு வருகிறவர்கள் அந்தச் சுவரின் முன் நின்று உருகுவார்கள். பிறகு பிரியாணி சாப்பிடப் போவார்கள்.

சகாயத்திடம் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்கு அரக்குப் பட்டு.

திரையில் அரக்குப் பட்டில் ஒருத்தி இருந்தாள். கல்யாண ஆல்பத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார். சிவப்பாக்கியிருந்தார். தெற்றுப்பல்லை நேராக்கியிருந்தார்.

"மகாலட்சுமியாட்டம் கீறா," என்றார் மாமியார்.

"யார் இது?" என்றேன்.

"இன்னா மாப்ள இப்டி கேக்குறீங்க?"

"இது அவ இல்ல, அத்தை."

"அப்போ நீங்க ஒரு போட்டோ குடுங்க, தம்பி," என்றார் சகாயம். "பல்ல சரிபண்ணதுக்கு எல்லாரும் எனக்கு தேங்க்ஸ்தான் சொல்வாங்க."

பல்லவியின் போன் என் பையில் இருந்தது. படம் எடுத்தது எப்போதும் அவள்தான். அதனால் அவள் எதிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நனைந்த நாய். பாதி உரித்த பட்டாணி. பூதிகோட்டைச் சந்தையில் தக்காளிமேல் தூங்குகிறவன். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் விழுந்த வெயில். தலை வாராத நான். இதையெல்லாமா ஒருத்தி படம் எடுப்பாள் என்று முன்பு நினைத்திருக்கிறேன். அன்று அந்தப் பட்டாணியை வெகுநேரம் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு பச்சை.

அடுத்த படத்தில் அவள் இருந்தாள். கேமரா தன் பக்கம் திரும்பியிருப்பது தெரியாமல் அழுத்தியிருக்கிறாள். நைட்டி, தோளில் துண்டு, பின்னால் கொடியில் என் பனியன். புருவத்தைச் சுருக்கி எதையோ பார்க்கிறாள். தெற்றுப்பல் உதட்டில் இடிக்கிறது.

"இது," என்றேன்.

சகாயம் வாங்கிப் பார்த்தார். "மூக்கு ஓட்டை தெரியுது, தம்பி. நைட்டி வேற. சேலையாவது மாத்தட்டா?"

"எதையும் தொடாதீங்க."

"சாமி ரூம்ல நைட்டிய மாட்டுவாங்களா? பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"கொழம்புல உப்பு கம்மின்னா இப்டிதான் பாப்பா," என்றார். பிறகு சகாயத்திடம், "இதையே போட்டுடுப்பா. கீழ மட்டும் அவ கடைசியா சொன்னத எழுது. 'எங்கம்மாவப் பாத்துக்கோங்க.'"

ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் அவர் சொல்லிவருவது அது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் நான் மட்டும்தான்.

"அவ அப்படிச் சொல்லல, அத்தை."

அவர் முகம் இறுகியது. "அப்போ இன்னாதான் சொன்னா?"

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"செருப்பு கட்டிலுக்கு அடியில கீது. எவனாச்சும் எடுத்துனு போயிடப் போறான், பாத்துக்கோ."